எல்லோருக்கும் அவசரம் என்றால் யாரை முதலில் கவனிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நானூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனம். அங்கே ஐடி உதவிப் பிரிவுக்கு நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே ஆறு பேர். கூப்பிடுகிற ஊழியர்கள் எல்லோருக்கும் உடனே வேண்டும். உங்கள் மேலாளர் மாதக் கடைசியில் எஸ்எல்ஏ சதவீதம் கேட்கிறார், அதாவது வாக்களித்த நேரத்துக்குள் கவனித்த புகார்கள் எத்தனை சதவீதம் என்று. செக்யூரிட்டி டீம் எதையும் திறந்துவிடக் கூடாது என்கிறது. நிதிப் பிரிவு ஆறு பேர் எதற்கு, ஐந்து போதாதா என்கிறது. அந்த ஆறு பேரோ ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது, எல்லோரையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு போன் எடுத்ததில் ஆரம்பித்து, பிறகு டீம் நடத்தி, பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: சமாளிக்காதீர்கள். நீங்கள் சமாளிக்கச் சமாளிக்க, சண்டை உங்கள் மேஜையிலேயே குடியேறிவிடும்.

யோசித்துப் பாருங்கள். விற்பனைக்காரருக்கு இன்றே மாற்று லேப்டாப் வேண்டும். உபரியாக லேப்டாப் வாங்கி வைக்கக் கூடாது என்று நிதிப் பிரிவு போன வருடமே முடிவெடுத்துவிட்டது. இது அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு. ஆனால் இதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாத வழக்கு கீழே இறங்கி இறங்கி, கடைசியில் போன் எடுக்கும் இருபத்து நான்கு வயதுப் பையன் தலையில் வந்து விழுகிறது. அவனுக்கு அதில் ஒரு அதிகாரமும் கிடையாது. இருந்தும் தீர்ப்பு சொல்ல வேண்டியவன் அவன்தான். எப்படிச் சொல்வான்? சத்தம் போடுகிறவருக்கு முதலில். பிறகு பதவியில் பெரியவருக்கு. பிறகு போன வாரம் சிரித்துப் பேசியவருக்கு. மிச்சப் பேர் வரிசையில் நிற்கட்டும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவன் கையில் வேறு அளவுகோலை யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே யார் காத்திருப்பது என்ற முடிவை, போன் மணி அடிப்பதற்கு முன்பே, அதை எடுக்க உரிமை உள்ளவர்களை எடுக்கவைப்பதுதான் உங்கள் முதல் வேலை. நான் இனி எழுதப்போவது எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

திங்கட்கிழமை காலை 9:10 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் கூப்பிடுகிறார்கள். விற்பனைத் தலைவருக்கு லேப்டாப்பில் சத்தம் வரவில்லை, 9:30க்கு வாடிக்கையாளரோடு மீட்டிங், குரலில் சூடு. கணக்குப் பிரிவில் பிரிண்டர் ஓடவில்லை, வழக்கமான புலம்பல். மூன்றாவது, கிடங்கில் இருந்து ஒருவர்: "தம்பி, ஸ்கேனர் கொஞ்சம் இழுக்குது, டைம் கிடைக்கும்போது பாருங்க." அனுபவம் இல்லாத ஆள் இதே வரிசையில்தான் எடுப்பான். 11 மணிக்குப் பார்த்தால் கிடங்கில் ஒரு ஸ்கேனரும் பேசவில்லை, வாசலில் லாரிகள் நிற்கின்றன. பணிவாகச் சொன்னவருடைய டிக்கெட்தான் (பதிவான புகாரை அப்படித்தான் சொல்வோம்) அன்றைக்குக் கனமானது. அவரிடம் "உங்க ஒருத்தருக்கு மட்டுமா, பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் அப்படியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் 9:12க்கே தெரிந்திருக்கும்.

இதற்கென்று ஒரு பழைய முறை உண்டு. 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை தொகுக்க ஆரம்பித்த ஐடிஐஎல் வழிமுறையில் உள்ளது அது. தாக்கம் ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் முன்னுரிமை. எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு அடி விழுந்திருக்கிறது என்பது தாக்கம். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவசரம். பெரும்பாலான டிக்கெட் மென்பொருளில் இந்தக் கட்டம் இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், பல இடங்களில் அந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கூப்பிடுகிறவரிடமே விட்டிருக்கிறார்கள். மவுஸில் பேட்டரி தீர்ந்தாலும் "மிக அவசரம்" என்று அமுக்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அமுக்குவேன்.

அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு நான்கு கேள்வி வையுங்கள். எந்த வேலை நின்றிருக்கிறது? எத்தனை பேருக்கு? எத்தனை மணிக்குள் வேண்டும்? அதுவரைக்கும் வேறு வழி ஏதாவது இருக்கிறதா? நான்காவது கேள்விதான் பொன். சத்தம் வராத விற்பனைத் தலைவருக்குத் தேவை பழுதுபார்ப்பு அன்று, 9:30 மீட்டிங். உதிரி ஹெட்செட் ஒன்றையோ இரவல் லேப்டாப் ஒன்றையோ இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டால், அவருடைய லேப்டாப்பில் சத்தத்துக்கான டிரைவர் மென்பொருளை மத்தியானம் நிதானமாகப் பார்க்கலாம். கணக்குப் பிரிவிலும் அடுத்த மாடிப் பிரிண்டரைச் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கேட்டால்தான் தெரியும்: சம்பளப் பட்டியல் அன்று 12 மணிக்குள் கையெழுத்தாகி வங்கிக்குப் போக வேண்டியதாக இருந்தால், அந்தப் பிரிண்டர் நானூறு பேர் விஷயம்.

தாக்கத்தை யார் நிர்ணயிப்பது? இங்கேதான் நான் சொன்ன மேல்மட்டத்து முடிவு தேவைப்படுகிறது. ஒரு இடத்தில் இப்படிச் செய்தேன். மெயில், சம்பள மென்பொருள், கிடங்கு ஸ்கேனர், விபிஎன் (வெளியே இருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு), டெலிபோன் என்று பன்னிரண்டு சேவைகளைப் பன்னிரண்டு அட்டையில் எழுதி, துறைத் தலைவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, "எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. எதை முதலில் எழுப்பட்டும்? அடுக்கிக் கொடுங்கள். ஒரு இடத்தில் ஒரு அட்டைதான்" என்றேன். ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். விற்பனைக்கும் கிடங்குக்கும் குரல் உயர்ந்தது. நான் வாயே திறக்கவில்லை. எத்தனையோ வருடமாக எங்கள் போன் லைனில் நடந்துகொண்டிருந்த அதே சண்டைதான். அன்றைக்குத்தான் அது நடக்க வேண்டிய இடத்தில் நடந்தது. கடைசியில் அடுக்கின வரிசையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாதக் கடைசி மூன்று நாளுக்குச் சம்பள மென்பொருள் முதலிடத்துக்கு ஏறும் என்ற விதிவிலக்கை அவர்களே சேர்த்தார்கள். எனக்கு அது தோன்றியிருக்காது. அதன்பிறகு யார் கத்தினாலும் "உங்கள் தலைவர் கையெழுத்துப் போட்ட வரிசை இது" என்று சொல்ல முடிந்தது.

மேலதிகாரிகள் விஷயத்தில் வேஷம் வேண்டாம். "எங்களுக்கு எல்லா ஊழியரும் சமம்" என்று எழுதி ஒட்டியிருக்கிற இடத்திலும் தலைமை அதிகாரியின் லேப்டாப் படுத்தால் இரண்டு பேர் ஓடத்தான் செய்கிறார்கள். அவர் மீட்டிங்கில் பத்துப் பேர் காத்திருப்பார்கள், உங்கள் பட்ஜெட்டும் அவர் கையில். ஓடுவது தப்பில்லை, ஒளித்துச் செய்வதுதான் தப்பு. பட்டியல் எழுதுங்கள், இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டுங்கள், ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும் என்று வையுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எட்டுப் பேரோடு ஆரம்பித்த பட்டியல் இரண்டு வருடத்தில் அறுபது ஆகிவிட்டது. தலைவர்களின் உதவியாளர்கள் சேர்ந்தார்கள், பிறகு உதவியாளர்களோடு நல்ல பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்தார்கள். அறுபது பேர் விஐபி ஆனபிறகு உண்மையான எட்டுப் பேரும் வரிசையில்தான் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கோபப்பட்ட அன்றுதான் பட்டியலை வெட்ட எனக்கு அனுமதி கிடைத்தது.

நடைபாதையில் மடக்குகிறவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஆட்கள் களைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். "ஒரே ஒரு நிமிஷம் பாஸ்" என்று தோளில் கை போடுவார்கள். டிக்கெட் போடுங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் மனிதரை இழப்போம். நின்று செய்து கொடுத்தால் வரிசையில் நிற்பவர்களுக்குத் துரோகம். நடுவழி இது: அவர் பேசி முடிப்பதற்குள் நாமே போனில் அவர் பெயரில் டிக்கெட் போட்டுவிட்டு, "போட்டாச்சு சார், மூணு பேருக்கு அப்புறம் நீங்க" என்று சொல்லிவிட வேண்டும். பாதிப் பேர் "அவ்வளவு ஒண்ணும் அவசரமில்லை" என்று தாங்களே இறங்கிவிடுவார்கள்.

சரி, எஸ்எல்ஏ சதவீதத்துக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

நான் டீம் லீட் ஆன முதல் வருடம் எங்கள் எஸ்எல்ஏ 97%. ரிப்போர்ட்டில் மாதா மாதம் பச்சை, அதாவது இலக்கு எட்டியாச்சு. வருடக் கடைசியில் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் அலுவலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கிய பிரிவு எங்களுடையது. நம்ப முடியாமல், ரொம்பக் கடுமையாக எழுதியிருந்த ஒரு பெண்ணின் டிக்கெட்டுகளை எடுத்துப் படித்தேன். விபிஎன் அடிக்கடி அறுந்துபோகிறது என்பது புகார். முதல் டிக்கெட்: பத்து நிமிடத்தில் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் போயிருக்கிறது, பச்சை. அப்புறம் "ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்" என்று கேட்டு, நிலையை "பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு" என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த நொடியில் எஸ்எல்ஏ நேரத்தை எண்ணும் கடிகாரம் நின்றுவிடும். அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நெட்வொர்க் டீமுக்குத் தள்ளினார்கள், அங்கே புதுக் கடிகாரம். அவர்கள் எதையோ கேட்டு மெயில் போட்டபோது அவர் விடுப்பில் இருந்தார். மூன்று நாள் பதில் இல்லை என்று டிக்கெட் தானாக மூடிக்கொண்டது, பச்சை. அவர் திரும்பி வந்து மறுபடி திறக்க முயன்றால் திறக்கவில்லை, புது டிக்கெட். இப்படி ஐந்து டிக்கெட், ஐந்தும் பச்சை. முதல் தடவை கூப்பிட்டதில் இருந்து விபிஎன் ஒழுங்காக ஓடியது வரை எண்ணினேன்: 23 நாள்.

எங்கள் தொழிலில் இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்று பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975இல் பணக்கொள்கை பற்றி எழுதும்போது சொன்ன ஒரு கருத்து பிற்பாடு அவர் பெயரிலேயே விதியாகிவிட்டது: ஓர் அளவையே இலக்காக வைத்துவிட்டால், அதன்பிறகு அது நல்ல அளவாக இருப்பதில்லை. அவர் மனதில் இருந்தது வங்கியும் பணமும். ஆனால் ஹெல்ப்டெஸ்க் நடத்தியவன் எவனுக்கும் விளக்கம் தேவைப்படாது. எங்கள் பையன்கள் திருடர்கள் அல்ல. ஒரு டிக்கெட்டை "காத்திருப்பு" என்று மாற்றுவதற்கு ஒரு க்ளிக், உண்மையாகவே சரிசெய்ய இரண்டு மணி நேரம், ரிப்போர்ட்டில் இரண்டும் ஒன்றுதான் என்றால் மனிதன் எதைச் செய்வான்?

உங்கள் மேலாளர் சதவீதம் கேட்டால் கொடுங்கள், மறுக்க வேண்டாம்; அவருக்கும் மேலே கேட்கிறவர் இருக்கிறார். பக்கத்திலேயே இரண்டு எண்ணை வையுங்கள். ஒன்று, முதல் புகாரில் இருந்து வேலை ஓடும்வரை ஆன மொத்த நாள், கடிகாரம் எங்கும் நிற்காமல். இரண்டு, பத்து நாளைத் தாண்டி இன்னும் திறந்திருக்கும் டிக்கெட்டுகள் எத்தனை. அப்புறம் வாரம் ஒருமுறை, மூடிய டிக்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து எடுத்து, டீம் முன்னால் சத்தமாகப் படியுங்கள், போய்வந்த மெயில்கள் உட்பட. முதல் வாரம் எல்லோரும் நெளிவார்கள். நான்காவது வாரத்தில் மெயில் எழுதும் தமிழும் ஆங்கிலமும் தானாகத் திருந்திவிடும். வேறு எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இந்தப் பலனைக் கொடுத்ததில்லை.

கூப்பிடுகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உடனே வேண்டும் என்றுதான் கேட்பார். அது முடியாதபோது அவரை வாட்டுவது காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் இருப்பது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம். தவறான ஃபைலை அனுப்பியவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக, அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றி அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் அதற்கு முன்னால் 48 இலக்க ரிகவரி கீ வேறு அடிக்க வேண்டும். போனில் அதை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு இலக்கம், நிறுத்தம், அந்தப் பக்கம் திருப்பிச் சொல்வார், மறுபடி ஆறு, இப்படி எட்டுத் தடவை. நடுவில் ஒன்றை ஏழு என்று அடித்துவிட்டால் அந்தக் கட்டத்தை மறுபடி. ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் என்றாலும், இருநூறு மெஷினும் ஆறு பேரும் இருந்தால் மூச்சுவிடாமல் உழைத்தாலும் பதினோரு மணி நேரம் ஆகும். அந்த நிலையில் யாராலும் வேகமாக்க முடியாது. செய்ய முடிவது, "உங்கள் பிரிவு இன்று மாலை 3 மணிக்கு மேல்தான், அதற்கு முன் கூப்பிட வேண்டாம், 1 மணிக்கு அடுத்த தகவல் வரும்" என்று சொல்லிவிடுவது. 1 மணிக்கு ஒன்றும் மாறியிருக்காவிட்டாலும் "மாற்றம் இல்லை" என்று அனுப்பியே ஆக வேண்டும். அந்த ஒரு மெயிலைத் தவறவிட்டால் 1:05க்கு எல்லா லைனும் அலறும்.

நிதிப் பிரிவோடு பேசப் புலம்பல் உதவாது. "எங்க பசங்க கஷ்டப்படறாங்க" என்றால், எந்தப் பிரிவில் கஷ்டப்படவில்லை என்பார்கள். கணக்கோடு போங்கள். நூறு வருடத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவைத்திருக்கிறார் அக்னர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்தபோது, 1909இல் போன் அழைப்புகள் பற்றிய தன் முதல் ஆய்வை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. எளிய கணக்கு: ஒரே ஆள், ஒரு பிரச்சினைக்குச் சராசரி 15 நிமிடம், அழைப்புகள் தோன்றினபடி வருகின்றன. அவர் நாளில் 80% நேரம் வேலையாக இருந்தால் வரிசையில் சராசரிக் காத்திருப்பு ஒரு மணி நேரம். 90% என்றால் இரண்டேகால் மணி. 95% என்றால் நான்கே முக்கால். ஆறு பேர் இருந்தால் எண்கள் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் கோடு போகும் விதம் அதேதான்: கடைசிக் கொஞ்சத்தில் செங்குத்தாக ஏறும். சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிற அந்த 20% நேரம்தான் அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கக் காரணம் என்று இந்த மூன்று எண்ணையும் காட்டிச் சொல்லுங்கள். பிறகு முடிவை அவர்களிடமே விடுங்கள்: ஐந்து பேர் போதும் என்றால் போதும், ஆனால் பதில் நேரம் இத்தனை ஆகும், அதற்கும் அவர்களே கையெழுத்துப் போட வேண்டும். இப்படிக் கேட்டதும் எல்லா இடத்திலும் எனக்கு ஆள் கிடைத்துவிடவில்லை. ஓர் இடத்தில் ஆளைக் குறைக்கத்தான் செய்தார்கள். ஆனால் காலாண்டுக் கூட்டத்தில் தாமதம் பற்றிக் கேள்வி வந்தபோது பதில் சொன்னது நிதிப் பிரிவு, நான் இல்லை.

செக்யூரிட்டி விவகாரம் இதிலேயே சிக்கலானது. ஏனென்றால் நல்ல ஹெல்ப்டெஸ்க் ஆளிடம் நாம் எதைப் பாராட்டுகிறோமோ, அதுவே ஓட்டை. விரைவாகப் பேசுகிறான், தன்மையாகப் பேசுகிறான், அவசரத்தில் இருப்பவருக்கு இறங்கி வருகிறான். ஏமாற்றுக்காரனுக்கு வேண்டியதும் இதே ஆள்தான். 2025 ஜூலையில் அமெரிக்காவின் க்ளோராக்ஸ் நிறுவனம், தன் ஹெல்ப்டெஸ்க்கை நடத்திவந்த ஐடி நிறுவனமான காக்னிசன்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2023 ஆகஸ்ட்டில் நடந்த சைபர் தாக்குதலின்போது, ஊழியர் போலக் கூப்பிட்டவருக்கு அவர் யார் என்று சரிபார்க்காமலே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்டிருக்கும் தொகை 38 கோடி டாலர். காக்னிசன்ட் அந்தப் பொறுப்பை மறுக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. சரிபார்ப்பை ஆளின் மன உறுதியை நம்பி விடக் கூடாது. பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடாமல், அல்லது மேலாளர் ஒப்புதல் வராமல், ரீசெட் பட்டனே திரையில் தெரியக் கூடாது. அப்போது பையன் "சார், எனக்கு நீங்கதான்னு தெரியும், ஆனா சிஸ்டம் விடாது" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவான். கத்துகிறவர் கத்தட்டும், பட்டன் இல்லையே.

ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வழக்கத்தைப் பாருங்கள். மாற்றின மறுநாள் லாக் ஆகிக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பழைய பாஸ்வேர்டின் கடைசியில் 1ஐ 2 ஆக்குவார்கள். 2003இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக அந்த வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே 2017இல் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் வெளியிட்ட புது வழிகாட்டி, கசிந்ததற்கு அடையாளம் இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. 2019இல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையில் இருந்து பாஸ்வேர்டு காலாவதியை எடுத்துவிட்டது. உங்கள் இடத்தில் இன்னும் 90 நாள் விதி இருந்தால், மாதம் எத்தனை ரீசெட் டிக்கெட் வருகிறது என்ற எண்ணோடு செக்யூரிட்டி டீமிடம் போங்கள். ஒவ்வொரு ரீசெட்டும் ஏமாற்றுக்காரனுக்கு ஒரு வாய்ப்பு. அதைக் குறைப்பதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. பதிலுக்கு எம்எஃப்ஏவை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) கட்டாயமாக்க நீங்கள் உதவலாம்.

தன் மெஷினில் எதையும் மாற்றும் உரிமையான அட்மின் ரைட்ஸ் கேட்கும் டெவலப்பருக்கும் இதே கதைதான். ஹெல்ப்டெஸ்க் ஆள் "தர முடியாது" என்று சொன்னால் அவன் வில்லன் ஆகிறான். நான்கு மணி நேரத்துக்கு மட்டும் திறந்து தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் கூடாது என்று செக்யூரிட்டி சொன்னால், அந்த "கூடாது" அவர்கள் பெயரில், அவர்கள் மெயிலில் இருந்து போகட்டும். தங்கள் பெயர் போடவேண்டி வந்தால் நியாயமான "கூடாது" மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் ஆறு பேரைப் பற்றி இரண்டே வார்த்தை. எல்லா டீமிலும் ஒரு சூரன் இருப்பான். எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு அவன் போனுக்குத்தான் அடிப்பார்கள். அவனைப் பாராட்டாதீர்கள், காப்பாற்றுங்கள். அவன் செய்கிறதை எழுதிவைக்க வாரத்தில் அரை நாள் போனில் இருந்து எடுத்துவிடுங்கள். அந்த அரை நாளில் வரிசை நீளும், திட்டு வரும். அந்தத் திட்டு உங்களுடையது, நீங்கள்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், எங்கே ஆரம்பிப்பது? அட்டை அடுக்கும் கூட்டத்தை முதல் வாரமே கூட்ட வேண்டாம், புது ஆள் என்று எடுத்தெறிந்து பேசுவார்கள். இன்று திறந்திருக்கும் டிக்கெட்டுகளில் மிகப் பழையதாக இருபதை எடுத்து, அந்த இருபது பேரையும் நீங்களே கூப்பிடுங்கள். மெயில் வேண்டாம், போன். கிட்டத்தட்டப் பாதிப் பேர் "அது எப்பவோ சரியாயிடுச்சே" என்பார்கள். சிலர் தாங்களே ஏதோ ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில் பாதி செக்யூரிட்டி டீமுக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயமாக இருக்கும். இரண்டு மூன்று பேர் வெடிப்பார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இது நின்றது பணம் இல்லாமலா, அனுமதி இல்லாமலா, ஆள் இல்லாமலா, யாரும் கவனிக்காமலா. கடைசி வகை உங்களுடையது, அதை அந்த வாரமே முடித்துவிடுங்கள். மற்ற மூன்று வகையையும் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.